அரசாங்கத்தை நம்புவதும் கைவிடுவதும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பாடத்திட்டத்தைவிட அதிகமாக என்னிடம் கேட்கப்பட்ட விஷயம் இதுதான். மாணவர்கள் மட்டுமா, பிள்ளையை ஏற்ற வந்து வாசலில் நிற்கும் தாய் தகப்பன், தேத்தண்ணிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. சொல்வதெல்லாம் பெரும்பாலும் இலங்கைக் கதை.

சேர், அரசாங்கத்தில நம்பிக்கை எண்டா என்ன? ஜனாதிபதியைப் பிடிக்கிறதோ?

பிடிப்பது வேறு, நம்புவது வேறு. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். காலையில் பேப்பரை விரித்தால் அரசாங்கத்துக்கு அர்ச்சனைதான். அதே மனிதர் மாதம் பிறந்ததும் பென்சனை எடுத்து, மிச்சத்தை அரச வங்கியிலேயே நிலையான வைப்பில் போடுகிறார். ஆட்சியில் இருப்பவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது, ஆனால் வங்கி காசைத் திருப்பித் தரும் என்பதில் சந்தேகமே இல்லை.

நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று, இதுவரை நடந்ததை வைத்து நாம் மனதில் போடும் கணக்கைத்தான் நம்பிக்கை என்கிறேன். புத்தகத்தில் அரசு, அரசாங்கம் என்று இரண்டு சொல் படிக்கிறீர்கள் அல்லவா, அந்த வித்தியாசம் இங்கே உதவும். 2022 யூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. உள்ளே 1 கோடி 78 லட்சத்து 50 ஆயிரம் ரூபா காசு கிடைத்தது. அதை எண்ணிப் பொலிஸிடம் கொடுத்தார்கள். அரசாங்கத்தைத் துரத்த வந்தவர்கள், கிடைத்த காசை அரசின் கையில்தான் கொடுத்தார்கள்.

மனசுக்குள்ள இருக்கிறதை எப்பிடி அளக்கிறது?

கருத்துக்கணிப்பு ஒரு வழி. அமெரிக்காவில் 1958இல் இருந்து கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள்: வாஷிங்டனில் இருக்கும் அரசாங்கம் சரியானதைச் செய்யும் என்று எவ்வளவு தூரம் நம்புகிறீர்கள்? 1964இல் 77 சதவீதம் பேர் எப்போதும் அல்லது பெரும்பாலும் நம்புவதாகச் சொன்னார்கள். வியட்நாம் போரும் வாட்டர்கேட்டும் வந்த பிறகு பாதிக்கு மேல் கரைந்தது. அண்மை ஆண்டுகளில் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இடையில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஒருமுறை மேலே குதித்தது. ஆபத்து வந்தால் சனம் அரசைச் சுற்றி ஒதுங்கும். கொஞ்ச நாளில் கலைந்துவிடும்.

எனக்கு ஆட்களின் வாயைவிட கால் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்ப்பதுதான் பிடிக்கும். 2022இல் இலங்கையில் வழங்கப்பட்ட கடவுச்சீட்டுகள் 9 லட்சத்தைத் தாண்டின. அதைவிட என்ன கணிப்பு வேண்டும்?

69 லட்சம் வாக்கு எடுத்தவர் ரெண்டரை வருசத்தில எப்பிடி ஓட வேண்டி வந்தது?

கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பரில் 52 சதவீதத்துக்கு மேல் எடுத்து வந்தார். அந்த வாக்குகளில் பாதி, முன்னிருந்தவர்கள் மேல் இருந்த வெறுப்பு. நல்லாட்சி என்று 2015இல் வந்தவர்கள் இரண்டு மாதம் ஆக முன்னரே மத்திய வங்கிப் பிணைமுறி (அரசு கடன் வாங்க விற்கும் பத்திரம்) விவகாரத்தில் மாட்டினார்கள். 2018 ஒக்டோபரில் ஜனாதிபதி மைத்திரி பிரதமர் ரணிலை ஒரே இரவில் நீக்கி மகிந்தவைக் கொண்டுவந்தார், பாராளுமன்றத்தைக் கலைத்தார், டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கலைப்புச் செல்லாது என்றது. அடுத்த ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் யாரும் அசையவில்லை என்பது தெரிந்தபோது, பலமான ஒரு ஆள் வேண்டும் என்று தெற்கில் சனம் முடிவெடுத்துவிட்டது.

வந்தவர் வந்த கையோடு வரியைக் குறைத்தார், வற் வரி 15இல் இருந்து 8 ஆனது. அரசின் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. நடுவில் கொரோனா வந்து சுற்றுலா படுத்தது. டொலர் கையிருப்பு கரையக் கரைய மத்திய வங்கி டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்துக்கொண்டு எல்லாம் கட்டுப்பாட்டில் என்றது. 2022 சனவரியில்கூட 500 மில்லியன் டொலர் கடனைக் கட்டினார்கள். மார்ச்சில் ரூபாவைச் சந்தை விலைக்கு விட்டார்கள், மே மாதம் டொலர் 360ஐத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு வந்தது. பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னது மே மாதம்.

மிச்சம் தெரிந்ததுதான். மார்ச் 31 மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டு வாசலில் ஆர்ப்பாட்டம், ஏப்ரல் 9இல் காலிமுகத்திடலில் கோட்டா கோ கம என்ற போராட்டக் கிராமம், மே 9இல் மகிந்த பதவி விலகினார், யூலை 13 விடிய முன்னர் ஜனாதிபதி மாலைதீவுக்குப் பறந்தார்.

பசளைத் தடையோ, வரிக் குறைப்போ, எது பெரிய பிழை?

பொருளாதாரக் கணக்கில் வரிதான் என்பேன். நம்பிக்கைக் கணக்கில் பசளை. வரி குறைந்ததைச் சனம் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டது, அதில் நானும் ஒருவன்.

இயற்கை விவசாயத்துக்கு மாற 10 வருடம் என்று தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியிருந்தார்கள். 2021 ஏப்ரல் கடைசியில் அறிவித்து, மே மாதம் வர்த்தமானியில் போட்டு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். 10 வருடம் ஒரு கிழமையாகச் சுருங்கியது. கிளிநொச்சியில் வயல் செய்யும் என் மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "விதைக்கிறவனைக் கேக்க வேண்டாம், வயலையாவது வந்து பாத்திருக்கலாம்." நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. போதாததற்கு, சீனாவில் இருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலைக் கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டு, அதற்கும் ஏறக்குறைய 7 மில்லியன் டொலர் கட்டினார்கள். பிழை விடாத அரசாங்கம் இல்லை. விவசாயிகள் ரோட்டில் நின்று மாதக்கணக்கில் சொன்ன பிறகும் கேளாமல் இருந்ததுதான் தெற்கில் அவர்களின் சொந்த வாக்காளர்களையே உடைத்தது.

வரிசையில எல்லாரும்தான் நிண்டம். அதில என்ன நம்பிக்கைக் கதை?

அதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. 2022 யூனில் ஒரு நாள் விடிய மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் போனேன். ஒரு பொடியன் கொப்பித்தாளைக் கிழித்து இலக்கம் எழுதிக் கொடுத்தான், எனக்கு 212. பவுசர் வந்தது பகல் பதினொன்றுக்கு. 180 அளவில் "முடிஞ்சுது" என்றார்கள். முடிந்ததை யாரும் நம்பவில்லை. ஒருவர் நிலத்தடித் தாங்கிக்குள் கோல் விட்டுக் காட்டச் சொன்னார். இன்னொருவர், இரவு பின்பக்கத்தால் கான்களில் போகும், இருந்து பாருங்கள் என்றார். உண்மையோ பொய்யோ, அங்கே நின்ற அத்தனை பேரும் இரவு அங்கேயே படுத்தோம். யூன் 27இல் இருந்து அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் என்று அறிவித்த பிறகு அதுவும் இல்லை.

யூலையில் கியூ.ஆர். வந்தது. வாகன இலக்கம், செசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் கொடுத்துப் பதிந்தால் போனுக்கு ஒரு சதுரப் படம் வரும். மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. நாலு லீற்றர் எதற்கும் காணாது. ஆனால் ஸ்கேன் பண்ணியவுடன் எனக்கு எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரிந்தது. முந்திப் போனவனுக்கும் அதே நாலு, பிந்திப் போனவனுக்கும் அதே நாலு. ஒரு மாதத்துக்குள் செட் வாசலில் யாரும் படுக்கவில்லை. இறக்குமதியும் கொஞ்சம் சீராகியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வரிசையைக் குறைத்ததில் பெரிய பங்கு, என் பங்கு எனக்கு வரும் என்ற நிச்சயத்துக்கு.

அப்ப கியூ.ஆரால அரசாங்கத்தில நம்பிக்கை வந்திட்டுதோ?

இல்லை. கியூ.ஆரில் நம்பிக்கை வந்தது, அவ்வளவுதான். நம்பிக்கை போகும்போது வெள்ளம் மாதிரி ஒன்றாகப் போகும். வரும்போது ஒவ்வொரு யன்னலாக, ஒவ்வொரு மேசையாகத்தான் வரும். 2023இல் அஸ்வெசும உதவிப் பணத்துக்குப் பெயர்ப் பட்டியல் போட்டபோது லட்சக்கணக்கில் மேன்முறையீடு குவிந்தது. என்ன அடிப்படையில் எடுத்தார்கள், ஏன் விட்டார்கள் என்று கிராம சேவையாளருக்கே விளங்கப்படுத்தத் தெரியவில்லை. பெற்றோலில் கிடைத்த நற்பெயர் அங்கே ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

ரணில் வந்துதானே வரிசையை இல்லாமல் செய்தவர்? பிறகேன் சனம் அவருக்குப் போடேல்ல?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் கடைக்காரர்கள். நியாயமான கேள்வி. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டம் வந்தது, ஒரு கட்டத்தில் 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் இறங்கியது, அந்த செப்டம்பரில் கியூ.ஆரையே நிறுத்த முடிந்தது. இருந்தும் 2024 செப்டம்பரில் 17 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்தார்.

ஒரு ஆளால் செய்ய முடியுமா என்பது ஒரு நம்பிக்கை, செய்வதை நேர்மையாகச் செய்வாரா என்பது இன்னொன்று. முதலாவதில் அவர் தேறினார். மற்றதில்? சனம் தெரிவு செய்யாத ஒருவரைப் பாராளுமன்றம் 134 வாக்கால், அதுவும் விரட்டப்பட்டவர்களின் கட்சி ஆதரவோடு தெரிவு செய்தது. பதவியேற்ற மறுநாள் விடிய முன்னரே காலிமுகத்திடலில் படை இறங்கியது. 2023 மார்ச் 9இல் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று தள்ளிப் போனது. மின்கட்டணம் ஒரு தடவை 75, மறு தடவை 66 சதவீதம் ஏறியது, வற் 18க்குப் போனது. கட்டுகிறவர்கள் நாங்கள், கொண்டுபோனவர்கள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச்சுதே, அதால ஏதும் மாறினதோ?

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் கோட்டாபய, மகிந்த, அவர்களின் தம்பியும் முன்னாள் நிதியமைச்சருமான பசில் ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உட்பட வேறு சிலரும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு, மக்கள் தங்களிடம் ஒப்படைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்றது. ஐந்து நீதியரசர்களில் நால்வரின் தீர்ப்பு. மனுதாரர்களுக்குத் தலா 150,000 ரூபா வழக்குச் செலவு. யாருக்கும் சிறையில்லை, அது குற்றவியல் வழக்கும் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நான் சிரிப்பதில்லை. அதே வருடம் சனவரியில் உயிர்த்த ஞாயிறு வழக்கில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரியைச் சொந்தக் காசில் 10 கோடி ரூபா கட்டச் சொன்னது அதே நீதிமன்றம். 2024 ஓகஸ்டில், தேர்தலைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று, பதவியில் இருந்த ஜனாதிபதிக்கு எதிராகவே சொன்னது. மேலே சொன்ன 2018 தீர்ப்பையும் சேர்த்துப் பாருங்கள். 2022இல் இந்த நாடு முழுதாகச் சிதறாமல் இருந்ததற்கு, அரசாங்கம் விழுந்தாலும் அரசு நிற்கும் என்ற எண்ணம் ஒரு காரணம். அதை நிற்க வைத்த தூண்களில் ஒன்று இது.

எங்கட அப்பப்பா 'இதெல்லாம் நாங்கள் எப்பவோ பாத்திட்டம்' எண்டுறார். அவர் என்ன சொல்லுறார்?

அவர் வேறொரு கணக்குக் கொப்பியை வைத்திருக்கிறார். அதில் முதல் பக்கம் 1948, மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன சட்டம். அடுத்து 1956, தனிச் சிங்களச் சட்டம். 1957 யூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்கவோடு இன்னொன்று, அதுவும் அப்படியே போனது. பிறகு யாழ். நூலக எரிப்பு, பிறகு 83 கலவரம். போர் முடிந்தபின் ஆணைக்குழு மேல் ஆணைக்குழு. காணாமல் ஆக்கப்பட்டோருக்கான அலுவலகம் சட்டத்தில் வந்தது 2016இல். 2017இல் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ரோட்டோரம் இருக்கும் தாய்மார் அந்த அலுவலகத்தை ஏற்கவே இல்லை.

எனக்கு இதில் பிடித்த (பிடித்த என்று சொல்லக் கூடாதுதான்) உதாரணம் ஒன்று உண்டு. 1979இன் 48ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப் பெயர் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். மூன்று வருடத்துக்கு என்று வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள், பெயரில் மட்டும் தற்காலிகம் இருக்கிறது.

கொழும்பில் 2022இல் ஒரு வருடத்துக்குள் நடந்தது, இங்கே அறுபது எழுபது வருடமாக நடந்தது. அதனால்தான் காலிமுகத்திடல் நிரம்பி வழிந்தபோது யாழ்ப்பாணம் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்த்தது. போராட்டம் பிடிக்காததால் என்று எடுக்கக் கூடாது. 2019இல் இந்த மாவட்டத்தில் கோட்டாபயவுக்கு எதிராக 80 சதவீதத்துக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்குப் போனது. நம்பாத ஒருவரிடம் ஏமாற என்ன இருக்கிறது?

அப்பிடியெண்டா 2024இல யாழ்ப்பாணமே ஏன் மாறிப் போட்டது?

மாறியதா என்பதை எண்களில் பார்ப்போம். செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற, தேசிய மக்கள் சக்தியின் அநுர குமாரவுக்கு யாழ். மாவட்டத்தில் 10 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. நாட்டளவில் 42 சதவீதம், அதுவும் 2019இல் வெறும் 3 சதவீதம் எடுத்த ஆள். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனம் எடுத்தது, யாழ். மாவட்டத்தில் 6இல் 3. ஆனால் இங்கே கிடைத்த வாக்கு கால் பங்குதான். மிச்ச முக்கால் பங்கைத் தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைகளும் பங்கு போட்டுச் சிதறடித்தார்கள்.

அந்தக் கால் பங்கை அரசில் வந்த நம்பிக்கை என்று வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் பெரும் பகுதி எங்கள் சொந்தக் கட்சிகள் மேல் வந்த சலிப்பு, கொஞ்சம் "ஒருக்காப் பாப்பம்" என்ற அவகாசம். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் நாட்டளவில், பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி எடுத்த 61 சதவீதம் 43 ஆனது. வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் எழும்பியது. கடன் கொடுத்தவர்கள் தவணையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாத்தையும் வெளிப்படையாச் சொன்னா நம்பிக்கை தானா வரும்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்து 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை வாய்க்காலுக்கு ஒதுக்கிய காசு என்னவானது என்று உள்ளூர் அலுவலகம் ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். ஒழுங்காகப் பதில் வந்தது, முத்திரை குத்தி, ஒரு பக்கத்தில். காசு வேறு வேலைக்கு மாற்றப்பட்டது என்று. வாய்க்கால் அப்படியே கிடக்கிறது. முன்பு எனக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்தது, இப்போது கையில் அத்தாட்சி இருக்கிறது.

ஆகவே வெளிப்படைத்தன்மை வந்தவுடன் நம்பிக்கை சில காலம் குறையவும் கூடும். மூடி வைத்ததன் விலை இதைவிடப் பெரிது என்பதற்கு, 200 ரூபாவில் பிடித்து வைத்த டொலரே சாட்சி.

நம்பாமல் இருக்கிறதுதான் புத்தி, மாஸ்டர். ஏன் நம்ப வேணும்?

கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. சந்தேகம் இருப்பதால்தான் வழக்குப் போட ஆள் வருகிறது, தகவல் கேட்டு எழுத ஆள் வருகிறது. ஆனால் எதையுமே நம்பாத சமூகத்துக்கும் செலவு உண்டு. 212ஆம் இலக்கத்தோடு நான் இரவு ரோட்டில் படுத்தது அந்தச் செலவில் ஒரு பகுதி. வரி கட்டினால் எவனோ கொண்டுபோவான் என்று எல்லாரும் ஒளித்தால், ஆஸ்பத்திரியில் மருந்து இருக்காது. மருந்து இல்லை என்றதும் பார்த்தீர்களா நான் சொன்னேன் என்போம்.

இப்ப இருக்கிற அரசாங்கத்தில எவ்வளவு நாளைக்கு நம்பிக்கை இருக்கும்?

சோதிடம் சொல்ல மாட்டேன், என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு 2025 முடியும்வரை தேர்தல் இல்லை, இதற்குள் நான்கு ஜனாதிபதிகள். அந்தத் தேர்தல் எப்போது? பெயரில் மட்டும் தற்காலிகமான அந்தச் சட்டத்தை நீக்குவதாக விஞ்ஞாபனத்தில் எழுதியிருக்கிறார்கள். நீக்கினால் என்ன போடுகிறார்கள்? தெற்கில் உள்ளவர்கள் வேறு பட்டியல் வைத்திருப்பார்கள், அரிசி விலை, ஊழல் வழக்குகள் எங்கே போய் முடிகின்றன என்று. இரண்டு பட்டியலும் சரிதான்.

சேர், நீங்கள் நம்புறீங்களோ?

இந்தக் கேள்வி எப்போதும் கடைசி வாங்கில் இருந்துதான் வரும். வங்கியை நம்புகிறேன், பரீட்சைத் திணைக்களத்தைப் பெரும்பாலும் நம்புகிறேன், நீதிமன்றத்தைப் பாதி வழிக்கு மேல் நம்புகிறேன். 2023 செப்டம்பரில் கியூ.ஆரை நிறுத்திய பிறகு பெற்றோல் நினைத்த நேரம் அடிக்க முடிந்தது. போனை இரண்டு தடவை மாற்றிவிட்டேன், கியூ.ஆர். படத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுப் போனுக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.